வானலை தேடிய கலை

விஜயபுரத்தையும் நகரியையும் சூழ்ந்த ஊர்களில் பழைய வீடுகளின் மொட்டைமாடிகளை அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி இன்றும் அங்கங்கே தென்படும். எட்டடி அகலமுள்ள கம்பிவலைக் கிண்ணம் ஒன்று, துருவேறிய இரும்புக் காலின்மேல் வானத்தை நோக்கிச் சாய்ந்து நிற்கும். அதன் நடுவே இருக்கவேண்டிய கருவி இராது. அவ்விடத்தில் காக்கை கூடு கட்டியிருக்கும். அல்லது கீழிருந்து ஏறிய பூசணிக்கொடி வலையெங்கும் படர்ந்திருக்கும். சில வீடுகளில் அதனைக் கழற்றிக் கவிழ்த்துக் கோழிக்கூடாக்கி விட்டார்கள். சென்ற தை மாதத்தில் எங்கள் தெருவிலிருந்த கடைசி டிஷ்ஷையும் பழைய இரும்புக்காரர் எடைபோட்டு எடுத்துச் சென்றார். அதைப் பற்றி நாலு வரி எழுதிவைக்க வேண்டும் என்னும் எண்ணம் அன்றுதான் எனக்குத் தோன்றிற்று.

இப்பத்திரிகையைப் படிக்கும் அன்பர்களுள் பெரும்பாலோர் பிழைப்பை நாடிப் பிறமொழி வழங்கும் ஊர்களிலே குடியேறியவர்கள். வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி என்ற வாழ்க்கை நமக்குப் பழகிப்போனது. அவ்வாழ்க்கையில் அந்தக் கிண்ணத்துக்கு ஓர் இடம் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்; இளைஞர்களோ அறியவே மாட்டார்கள்.

எல்லைக்கோடும் அலையும்

1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர இராஜ்யம் பிறந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் எல்லைகள் திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை இராஜ்யத்தோடு இணைந்தது. சத்தியவேட்டைச் சார்ந்த பகுதிகள் சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தன. இப்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுள் தறிக்கும் இரயில்வே வேலைக்கும் வந்து சேர்ந்தவை ஒரு பகுதி. மற்றொரு பகுதியினர், "நாங்கள் ஊர் மாறவில்லை, கோடுதான் மாறிற்று" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

கோட்டை மனிதர் மதிக்கலாம், அலை மதிப்பதில்லை. 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபின், எங்கள் பக்கத்தில் வசதியுள்ளவர்கள் குழாய்மேல் குழாய் பொருத்தி, நாற்புறமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் ஏரியலை வைத்துச் சென்னைத் திசையில் திருப்பினார்கள். காற்றடித்தால் படம் போகும். மழை பெய்தால் புள்ளி விழும். ஆயினும் வெள்ளிக்கிழமை இரவு 'ஒளியும் ஒலியும்' வரும்போது கூடத்தில் உட்கார இடமிராது என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபோது தமிழகத்தின் கடற்கரை ஊர்களிலும் இதே முயற்சி நடந்தது. எட்டாத அலையை எட்டிப் பிடிக்கும் ஆசை நம்மவர்க்கு அன்றே உண்டாகிவிட்டது.

விண்ணில் நிற்கும் கோள்

பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள், பூமி ஒருமுறை தன்னைச் சுற்றும் நேரத்திலேயே தானும் ஒருமுறை சுற்றி வரும். ஆகையால் தரையிலிருந்து பார்ப்பவர்க்கு அது வானில் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதாகவே தோன்றும். அத்தகைய கோள்களை அஞ்சல் நிலையங்களாக வைத்துக்கொண்டால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று ஆர்தர் கிளார்க் 1945ஆம் ஆண்டிலேயே எழுதினார். அவர் பின்னர் கொழும்பிலே குடியேறி வாழ்ந்தார்.

அக்கருத்து பாமர மக்களின் வாயிலுக்கு வந்தது நம் நாட்டிலேதான். 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் கோளின் வழியே ஆறு இராஜ்யங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி அனுப்பப்பட்டது. கோழிக்கூட்டுக்கு இடும் வலையால் செய்த பத்தடிக் கிண்ணங்களே அக்கிராமங்களில் நின்றன. ஆந்திரத்துக் கிராமங்களும் அவற்றுள் அடங்கும். இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒரியா ஆகிய நான்கு மொழிகளில் நிகழ்ச்சிகள் வந்தன. தமிழ் அப்பட்டியலில் இல்லை.

நம் விண்வெளி நிறுவனத்தார் கொழும்பில் கிளார்க்கின் வீட்டிலும் ஒரு கிண்ணத்தை நிறுவிக் கொடுத்தனர். அதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஸ்டீபன் பிர்க்கில் என்னும் பொறியாளர், இந்தியக் கிராமத்தார்க்கென அனுப்பப்பட்ட அதே அலைகளைத் தம் வீட்டுக் கிண்ணத்தில் பிடித்துவிட்டார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெய்லர் ஹோவர்டு தாமே ஒரு கருவி அமைத்து, கட்டண அலைவரிசை ஒன்றைக் கண்டார். கண்டதற்கு விலையாக 100 டாலர் காசோலையும் அனுப்பினார். பெரிய கேபிள் நிறுவனங்களோடு மட்டுமே தாங்கள் வியாபாரம் செய்வதாகச் சொல்லி அதனைத் திருப்பியனுப்பிவிட்டார்களாம்! இப்படிப் பிறந்ததுதான் இப்பொழுதுபோக்கு. அதன் தொட்டிலை ஆட்டியது நம் நாட்டுக் கிராமங்களுக்கு வந்த அலை என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

கைவிடப்பட்ட கோள் கொண்டுவந்த புரட்சி

1991 ஜனவரியில் வளைகுடாப் போர் மூண்டபோது, பெருநகரங்களின் ஓட்டல்களில் டிஷ் வழியே போர்க்காட்சிகளை நேரடியாகக் கண்டவர்கள் திகைத்துப் போயினர். அவ்வாண்டே ஆங்காங்கிலிருந்து ஸ்டார் தொலைக்காட்சி ஏஷியாசாட்-1 கோளின் வழியே வரத் தொடங்கியது. அக்கோளின் கதை ஒரு நாவலுக்குப் போதும். 1984 பிப்ரவரியில் வெஸ்டார்-6 என்ற பெயரில் ஏவப்பட்டு, உரிய பாதையை அடையாமல் வீணாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் விண்ணோடத்தில் சென்ற வீரர்கள் அதனைப் பிடித்துக் கீழே கொண்டுவந்தனர். பழுது பார்க்கப்பட்டு, வேறு பெயருடன் 1990 ஏப்ரல் 7ஆம் நாள் சீனத்து இராக்கெட்டில் மீண்டும் ஏறிற்று.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. அவ்வாண்டே மலையாளத்தில் ஏஷியாநெட் ரஷ்யக் கோளின் வழியே வந்தது. சென்னைக் கோபுரத்தின் எல்லைக்கு அப்பால் இருந்த தமிழனுக்கும் மலையாளிக்கும் தாய்மொழி வானத்திலிருந்து நேராக இறங்கிற்று. அதை ஏந்திக்கொள்ள ஒரு கிண்ணம் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நெசவாளரின் கணக்கு

எங்கள் தெருவில் விசைத்தறி வைத்திருந்த பெரியவர் ஒருவர் உண்டு. தெருப் பிள்ளைகள் எல்லோரும் அவரைத் தாத்தா என்றே அழைப்போம். கடையில் டிஷ் விலை கேட்டு மலைத்துப்போய், தாமே ஒன்றைச் செய்வது என்று அவர் முடிவு செய்தார்.

மாடித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் முதலில் வளைவை வரைந்தாராம். அகலத்தை அகலத்தாலேயே பெருக்கி, குவிதூரத்தின் பதினாறு மடங்கால் வகுத்தால் நடுக்குழியின் ஆழம் வரும். எட்டடி அகலம், மூன்றடிக் குவிதூரம். அறுபத்துநாலை நாற்பத்தெட்டால் வகுக்க ஓரடி நாலங்குலம். பட்டறைக்காரர் இரும்பு விலாக்களை அக்கோட்டின்மேல் வைத்து வளைத்துக் கொடுத்தார். வலையை இழுத்துக் கட்டியது தாத்தா. கோளிலிருந்து வரும் அலையின் நீளம் ஏழரை சென்டிமீட்டர் அளவு. வளைவில் அரை சென்டிமீட்டர் பிசகினாலும் ஒளி குன்றும். தறியில் ஓரிழை அறுந்தாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் கண் அவருடையது. ஆகையால் வலை வழுவின்றி அமைந்தது.

அடுத்தது திசை. எங்கள் ஊரிலிருந்து ஏஷியாசாட் கோள் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே ஒதுங்கி, அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 56 பாகையில் நிற்கும். நம் இன்சாட் கோள்களுள் ஒன்று 83 பாகை நெடுங்கோட்டின்மேல் இருந்தமையால் ஏறக்குறைய உச்சந்தலைக்கருகே, 74 பாகையில் இருக்கும். எட்டடிக் கிண்ணத்தின் பார்வை இரண்டு பாகை அகலமே கொண்டது. பள்ளிக்கூடத்துப் பாகைமானியில் நூல்கட்டிக் கல் தொங்கவிட்டுச் சாய்வை அளப்பார். காந்த ஊசியால் திசையை அறிவார். பின்னர் விரற்கடை விரற்கடையாக நகர்த்துவார். ரஷ்யக் கோள்களைப் பிடிப்பது இன்னும் தொல்லை. வயதான கோள் ஒன்று நாள்தோறும் வடக்கும் தெற்குமாகத் தலையசைக்கும். அதைத் தொடர்ந்து டிஷ்ஷும் அசைய வேண்டும்.

நான் அவருக்கு உதவியாளானது 2000ஆம் ஆண்டை ஒட்டி, பத்து வயதுச் சிறுவனாக. மாடியில் தாத்தா, கூடத்தில் பெட்டியின்முன் பாட்டி, படிக்கட்டில் நான். "வருதா?" என்பார் தாத்தா, நான் கீழே கேட்டு, "இல்லை" என்று மேலே கத்துவேன். மார்ச்சு நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், குறித்த நேரத்தில் படம் மறைந்துவிடும். சூரியன் கோளுக்கு நேர்பின்னே வந்து தன் இரைச்சலால் அதன் குரலை அமுக்கும் நேரம் அது. தாத்தா அதை முன்கூட்டியே கணித்து, கோடு போட்ட நோட்டில் எழுதிவைத்திருப்பார். அந்த நோட்டில் ஒவ்வொரு கோளின் பாகையும், அலைவரிசைகளின் எண்களும், எந்நாளில் பிடிபட்டது என்ற குறிப்பும் உண்டு.

நான் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். வீட்டில் பேசிய தமிழைக் கண்ணால் காணும் வாய்ப்பு எனக்கிருந்ததில்லை. தமிழ்த் திரைப்படம் தொடங்கும்போது வரும் பெயர்களையும், செய்தியின் அடியில் ஓடும் வரியையும் காட்டி, "இது என்ன எழுத்து தாத்தா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன். இக்கட்டுரையை எழுதும் கைக்கு அகரம் காட்டியது அந்த வலைக்கிண்ணமே.

வெள்ளத்தின் இரவு

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எங்கள் பக்கத்திலும் அடைமழை. கேபிள் கம்பி அறுந்து கிடந்தது. சிறு டிஷ்களில் வரும் அலை நுண்ணியது. அதன் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே. கனமழை அதனைக் குடித்துவிடும். பெரிய டிஷ்ஷின் நீண்ட அலையை மழை அவ்வளவாகத் தீண்டாது. தெருவில் தாத்தா வீட்டில் மட்டும், இன்வெர்ட்டர் உதவியால், கட்டணமின்றி வந்த தமிழ்ச் செய்தி அலைவரிசை ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிரவு அக்கூடத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தோம். எல்லோருக்கும் சென்னையில் யாரோ ஒருவர் இருந்தனர்; யாருடைய தொலைபேசியும் பேசவில்லை. எதிர்வீட்டு அம்மாள், புறநகரில் வேலையிலிருந்த மகனுக்காக விடியும்வரை நின்றுகொண்டே பார்த்தார். உட்காரச் சொன்னால் தலையசைப்பார். படகில் யாராவது ஏற்றப்பட்டால் இரண்டடி முன்னே வருவார். மகனைத் திரையில் காணவில்லை. மறுநாள் பிற்பகல் அவனே பேசினான். "அந்தத் தண்ணியப் பாத்துக்கிட்டிருந்தேன், அவன்கூடவே இருந்தாப்புல இருந்துச்சு" என்று அவர் பின்னர் சொன்னதை நான் மறக்கவில்லை.

கலை தேய்ந்த காரணங்கள்

அந்த இரவுக்குள்ளாகவே இப்பொழுதுபோக்கு தேய்ந்துவிட்டிருந்தது. காரணங்கள் பல.

முதலாவது, பூட்டு. அலைவரிசைகள் ஒவ்வொன்றாகக் கட்டணத்துக்கு மாறி, குறியீட்டுப் பூட்டுக்குள் போயின. டிஷ் இருந்தும் சாவி இல்லாதவன் வெறும் திரையைப் பார்க்க வேண்டியதாயிற்று. இரண்டாவது, சிறு டிஷ். வீட்டுக்கு நேராக அலை தரும் இச்சேவையை அரசாங்கம் 1997இல் தடை செய்து, 2000ஆம் ஆண்டு நவம்பரில் அனுமதித்தது. 2003 முதல் நிறுவனங்கள் வந்தன. ஆள் வந்து அரைமணியில் பொருத்திப் போவார். அதன்பின் அதைத் தொடக்கூடாது. மூன்றாவது, கைபேசி. 2016 செப்டம்பருக்குப் பின் இணையம் மிக மலிவாகி, தேடவேண்டிய அவசியமே ஒழிந்தது. நான்காவது, வானத்திலேயே இடநெருக்கடி. 2022இல் ஏலம் விடப்பட்ட ஐந்தாம் தலைமுறைக் கைபேசி அலைகள் 3,300 முதல் 3,670 மெகாஹெர்ட்சு வரை. பெரிய டிஷ் கேட்பது 3,700இலிருந்து. பக்கத்து வீட்டில் பறை கொட்டும்போது குழல் கேட்பது போன்ற நிலை உண்டாயிற்று. கடைசியாக, உதிரிப் பொருளும் மெக்கானிக்கும் கிடைப்பதில்லை.

பெற்றதும் இழந்ததும்

இதனால் நமக்கு நட்டமா என்றால், நேர்மையாகவே கணக்குப் பார்க்க வேண்டும். இன்று துபாயிலும் இரேணிகுண்டாவிலும் இருக்கும் தமிழ்க் குழந்தை, விரலால் ஒரு தொடுதலில் தமிழ்க் கதை கேட்கலாம். அதற்கு மாடியேற வேண்டியதில்லை. 2019 பிப்ரவரி முதல் வேண்டிய அலைவரிசையைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் உரிமையும் வந்துள்ளது. ஆந்திரத்தில் குடியிருப்போர் தமிழ் அலைவரிசைகளைக் கேட்டு வாங்கலாம். நம்மில் பலர் கேட்பதில்லை. கேபிள்காரர் கொடுக்கும் கட்டை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். எங்கள் தெருவிலேயே கட்டணத் தகராறு ஒன்றில் தமிழ் அலைவரிசைகள் யாவும் மூன்று வாரம் நின்றுபோயின. ஏன் என்று கேட்டவர் இருவரே.

அங்கேதான் இழப்பு தெரிகிறது. தாத்தாவுக்கு எவரும் நிறுத்த முடியாத ஒரு வழி இருந்தது. அலை எங்கிருந்து வருகிறது, ஏன் மங்குகிறது, எப்படித் திருப்பினால் தெளியும் என்பதை அவர் அறிந்திருந்தார். நாமோ படம் நின்றால் தொலைபேசியை எடுக்கிறோம். ஒரே கூடத்தில் ஒரே திரையைச் சுற்றி அமர்ந்த தெரு, இன்று முப்பது கைகளில் முப்பது திரைகளாகப் பிரிந்துவிட்டது. என் மகள் தன் திரையில் தமிழ்ப்பாட்டுக் கேட்கிறாள், ஆனால் "இது என்ன எழுத்து?" என்று கேட்க அருகில் ஆளில்லாமலே கேட்கிறாள். இக்குறை கருவியுடையது அன்று, என்னுடையது.

எடைக்குப் போடுமுன்

தை மாதத்தில் தாத்தா வீட்டை இடித்துக் கட்டத் தொடங்கினார்கள். அவருக்கு இப்போது கண்பார்வை குன்றிவிட்டது. இரும்புக்காரர் தராசில் கிண்ணத்தின் விலாக்கள் இருபத்தேழு கிலோ நின்றன. "தம்பி, அந்த எல்.என்.பி.யை மட்டும் கழட்டிக் கொடுத்துடு" என்றார் தாத்தா. அதை மடியில் வைத்துக்கொண்டு, நோட்டை என்னிடம் கொடுத்தார்.

அந்த நோட்டு என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. விசாரித்ததில் ஒரு செய்தி தெரிந்தது. 2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தார் நாட்டுக் கோள் ஒன்றில், அமெச்சூர் வானொலி அன்பர்களுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. நிலைக்கோளில் அவர்களுக்கு இடம் கிடைத்தது அதுவே முதன்முறை. கியூ.ஓ.-100 என்பது அதன் பெயர். பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரை அதன் குரல் கேட்கும். எங்கள் ஊருக்கு அது நேர்மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே, 27 பாகை உயரத்தில் இருக்கிறது. ஒதுக்கிப்போட்ட சிறு டிஷ் ஒன்றும், அதன் பொதுவகை எல்.என்.பி.யும், கணினியில் செருகும் சிறு வாங்கிக் கருவியும் இருந்தால் கேட்கலாம். சிறு டிஷ்கள் சாய்வாகக் குவிக்கும் அமைப்புடையவை. ஆதலால் அந்த உயரத்துக்கு அதன் முகம் ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும். இதை அறியாமல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை நான் வீணாக்கினேன்.

மூன்றாம் ஞாயிறு மாலை நான் மாடியில் நின்றேன். படிக்கட்டில் என் மகள். கீழே கணினியின்முன் தாத்தா. "வருதா?" என்று கத்தினேன். "இல்லை" என்று மகள் ஆறுமுறை சொன்னாள். ஏழாம் முறை பதில் வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கோ ஓர் ஐரோப்பியர், கரகரத்த குரலில், தம் ஊரின் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தாத்தா நோட்டைக் கேட்டு வாங்கி, தேதி சொல்லி, என் மகளை எழுதச் சொன்னார். தமிழில் எழுதத் தெரியாதே என்றாள். எழுத்துக்கு எழுத்து அவர் சொல்லச் சொல்ல, ஒரு வரி எழுத அரைமணி ஆயிற்று.

அன்பர்களே! உங்கள் மாடியிலும் ஒரு பழைய டிஷ் இருக்கலாம். அதை எடைக்குப் போடுமுன் பிள்ளைகளை ஒருமுறை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். 2004 டிசம்பரில் தொடங்கப்பட்ட தூர்தர்ஷனின் கட்டணமற்ற சேவை இன்றும் 93.5 பாகையிலுள்ள கோளிலிருந்து வருகிறது. இந்தி அலைவரிசைகளே அதில் மிகுதி. எனினும் தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசை அதிலுண்டு. தென்கிழக்கே 67 பாகையில் திருப்பித் தேடிப் பிடிக்கப் பழக்குங்கள். ஆர்வம் மிகுந்த பிள்ளை, பன்னிரண்டு வயது நிரம்பியதும் தேர்வெழுதி அமெச்சூர் வானொலி அனுமதியும் பெறலாம். பிடிபட்டதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். சங்கத்தின் கிளைகளில் மாதம் ஒரு ஞாயிறு இதற்கென ஒதுக்கினால், கற்றுக்கொடுக்க எங்கள் தெருத் தாத்தாவும் நானும் வரச் சித்தமாயிருக்கிறோம்.